கெட்டவர் வென்ற தேர்தல்

கிளறிற்றா எழுதிய முதல் நாடகம் அது. உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டில் மாநில ஆளுநர் தேர்தல். நடிப்பவர்களுக்கு மேடையிலும் சொந்தப் பெயர்தான். போரை நிறுத்துவேன் என்று வாக்குக் கேட்கும் நல்லவராக ஜெராட். கடைசிவரை சண்டைதான் என்று மீசை முறுக்கும் கெட்டவராக எட்வேட். இடைவேளையில் சனம் உண்மையாகவே வாக்குப் போடும். நல்லவர்தான் வெல்வார் என்ற அசட்டு நம்பிக்கையில் அவள் ஒரேயொரு முடிவைத்தான் எழுதி வைத்திருந்தாள்.

புலம்பெயர்ந்த நம் சனத்தால் செவன் கிங்ஸ் மண்டபம் நிரம்பி வழிந்தது. எண்ணி முடித்தவள் நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள். எட்வேட்டுக்கு அமோக வெற்றி! நம் சனம் பாத்திரத்தைப் பார்த்தா வாக்குப் போடும்? யார் வீட்டுச் செத்தவீடானாலும் முதல் ஆளாக வந்து சனம் உட்காரக் கதிரை அடுக்குகிற எட்வேட்டைத் தோற்கடிக்க யாருக்குக் கை வரும்?

"ஜெராட் எண்டு சொல்லிவிடு பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று ஒப்பனை செய்த துசியந்தி அக்கா காதைக் கடித்தார்.

"சனத்தின்ர வாக்கை நம்பி நாடகம் போட்டிட்டு நானே கள்ளவேலை செய்யிறதோ? ஏலாது அக்கா."

அவள் ஜெராட்டிடம் ஓடினாள். "அண்ணை, தோத்திட்டன் எண்டு மேடையில ஒருக்காச் சொல்லுங்கோ. நாடகத்தை முடிச்சிடலாம்."

"நானோ? தோத்திட்டனெண்டோ?"

ஜெராட் வீட்டுக்குப் போகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தேவாலயப் பங்குச் சங்கத் தேர்தலில் தோற்ற கையோடு போட்டிச் சங்கம் தொடங்கியவர் அவர். நம்மவர் வழக்கமும் அதுதானே. முதல் நாடகமே சந்தி சிரிக்கப்போகிறது என்று கிளறிற்றாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் திரை விலகியதும் உள்ளதை உள்ளபடியே அறிவித்தாள்.

மண்டபம் விசிலடித்தது. மேடையில் எட்வேட் வசனமில்லாமல் திருதிருவென்று முழித்தார். இரண்டு பக்கமும் மரத்துவக்கு நீட்டிய படைவீரர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசல்வரை போன ஜெராட் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரின் முழியைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று மேடையேறி எட்வேட்டின் கையைப் பிடித்தார்.

"வெண்டது இவர். நான் தோத்துப்போனன். எண்டாலும் பிரிஞ்சு போகமாட்டன், இஞ்சைதான் நிப்பன்."

எட்வேட் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

யாரும் சொல்லாமலே படைவீரர்கள் துவக்குகளைக் கீழே வைத்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. இப்படியொரு முடிவு தனக்கு எழுதத் தோன்றவில்லையே என்று கிளறிற்றா சிரித்தாள், கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தாள்.