புகார்ப் பெட்டியில் அடங்காத ஒழுகல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் கேம்பர்வேனின் கூரை ஜன்னல் ஒழுகுகிறது, டீலரிடம் மூன்று முறை பழுது பார்த்தும் ஒழுகல் நிற்கவில்லை என்று புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். கம்பெனியின் புகார்ப் பெட்டியில் ஐந்நூறு எழுத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. நான் எழுதியது பதினான்கு பக்கம். மருமகன் வாங்கிப் படித்தார்.

"மாமா, இது புகார் இல்ல. கதை."

"அப்ப நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல மாமா. ஆளுங்க வர்றாங்க, பேசறாங்க, நீங்க பக்கத்துக்கு ரெண்டு தடவை கோவப்படறீங்க. அதான்."

ஆக, இது கதை. நான் எட்டாவதோடு நின்றவன். கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு வேண்டும்போது மழை பெய்யும், வேண்டாதபோது நின்றுவிடும். என் வண்டியில் அப்படி நிற்கவில்லை.

என் எழுத்தில் பிழை அதிகம் என்பதால், வீட்டுக்காரி வேறொரு நல்ல நோட்டில் திருத்தி எழுதித் தருகிறாள். அடைப்புக்குறிக்குள் வருகிற குரல் அவளுடையது. நடுவில் பேசாதே என்று சொன்னேன். (அப்ப நீங்களே திருத்திக்கோங்க.) சரி, பேசட்டும்.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மழை சோவென்று பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, அவள் கன்னத்தில் ஒரு துளி..." எனக்கே பிடிக்கவில்லை. விழுந்தது கன்னத்தில் இல்லை, மெத்தையில். (கன்னத்துலயும் விழுந்துச்சு. நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க.)

இரண்டாவது: "டீலர்கள் எல்லாரும் திருடர்கள்." வழக்குப் போடுவார்கள், அடித்துவிடுங்கள் என்றார் மருமகன். அடித்துவிட்டேன். ஆனால் படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் சரி. வீட்டுக்காரிக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அக்கா. இரண்டு நாள் பயண தூரத்தில் இருக்கிறார். இருபதாம் தேதி அக்காவின் மகன் வந்து அவரை ஒரேயடியாகக் கடல் தாண்டிக் கூட்டிப்போகிறான். அதற்கு முன் நான்கு மாதம் அக்காவோடு இருந்துவிட வேண்டும் என்று இவள் ஆசைப்பட்டாள். இடுப்பில் அறுவை செய்துகொண்டவள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கிற இந்த வண்டியை நான்கு வருடத்துக்கு முன் வாங்கியதே அவள் படுத்தபடி ஊர் போகத்தான்.* கூரை ஜன்னல் அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது.

* வேறு யாரிடமும் பழுதுக்கு விடக் கூடாது, விட்டால் வாரண்டி செல்லாது என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. டீலர் இருப்பது அரை நாள் தூரத்தில். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் தள்ளித்தான் நேரம் கொடுப்பார்கள். நான்கு மாதம் இப்படித்தான் போனது.

3

கதைக்கு வில்லன் வேண்டும் என்கிறார் மருமகன். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, கவுண்டரில் இருக்கும் பெண். "அடுத்தது உங்க வண்டிதான் சார்" என்பதைக் காலையிலும் சொல்வாள், சாயங்காலமும் சொல்வாள். இன்னொன்று மெக்கானிக். நெற்றியில் எந்நேரமும் விளக்குக் கட்டியிருப்பான் என்பதால் நான் வைத்த பெயர் டார்ச்.

"டார்ச்சின் கண்களில் ஒரு வஞ்சகம் மின்னி—"

வேண்டாம். அந்த விளக்கு என் கண்ணில் அடித்ததால் அவன் கண்ணை நான் பார்த்ததே இல்லை.

வில்லனாக இருக்க அவன் ஒத்துழைக்கவும் மாட்டேன் என்கிறான். வண்டிக்குள் ஏறுமுன் பூட்ஸைக் கழற்றுகிறான். நனைந்த போர்வையை மடித்து ஓரமாக வைக்கிறான். (நல்ல பிள்ளை.) நடிப்பு. (உங்களுக்கு யாரைப் பாத்தாலும் நடிப்புதான்.)

முதல் முறை ரப்பரை மாற்றினான். இரண்டாம் முறை சுற்றிலும் பசை பூசினான். மூன்றாம் முறை உள்கூரைப் பலகையையே மாற்றினான்.

"பாருங்க சார், பத்து நிமிஷம் ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சாச்சு. ஒரு பொட்டு எறங்கல."

"மழை பத்து நிமிஷம்தான் பெய்யுமா?"

"எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கறது பத்து நிமிஷம் சார்."

வீட்டுக்கு வந்தோம். அரை மணி நேரம் மழை பெய்தது. மெத்தை நனைந்தது.

நான் டீலருக்கு போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் வெளி ஆள் யாரிடமும் குரலை உயர்த்தாதவள் அவள்.

"உனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையாம்மா? மனசாட்சி வேண்டாமா உங்களுக்கெல்லாம்? இவர் அப்பவே சொன்னார், ஏமாத்தறாங்கன்னு. நான்தான் நம்பாம இருந்தேன்!"

கவுண்டர் பெண், "எனக்கும் அக்கா இருக்காங்கம்மா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. (இதையெல்லாம் எழுதணுமா? எனக்கு வெக்கமா இருக்கு.) எழுதத்தான் வேண்டும். புகாருக்கு உயிரே இந்த இடம்தான்.

4

மூன்றாம் பகுதியைப் போன வாரம் முடித்தேன். நேற்று நான்காவது முறையாக, நான் மட்டும் வண்டியை டீலரிடம் கொண்டுபோய்த் திரும்பினேன். கதை கெட்டுப்போய்விட்டது. இங்கிருந்து அடைப்புக்குறிக் குரல் வராது. அவள் இன்னும் இதைப் பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸுக்கு விடுமுன் வண்டியில் அடையாளம் வைப்பேன். சக்கர நட்டில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். காற்று வடிகட்டி மூடியில் வீட்டுக்காரியின் தலைமுடி ஒன்று. ஆயில் திருகில் சாக்பீஸ் கோடு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வண்டி வந்ததும் சரிபார்ப்பேன். அடையாளம் கலைந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்னால், வருட சர்வீஸின்போது, தாளில் பத்து இருந்தன. பத்தும் கலைந்திருந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு பெய்த முதல் மழையில்தான் ஒழுக ஆரம்பித்தது.

நேற்று டார்ச் பத்து நிமிடத்தில் நிறுத்தவில்லை. கூரை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டான். பிறகு ஏதோ குத்திக் கிளறுகிற சத்தம். இறங்கி வந்து கையை நீட்டினான். உள்ளங்கையில் வெள்ளையாக, பட்டாணி அளவில் ஒன்று.

"ஜன்னலைச் சுத்தி கூரையில ஒரு வாய்க்கா இருக்கு சார். தண்ணி வெளிய போக மூலையில ஒரு துளை. அது அடைச்சிருந்துச்சு. வாய்க்கா நெரம்ப அரை மணி ஆவும், அப்புறம்தான் உள்ள எறங்கும். இது மெழுகு."

"பறவை ஏதாவது கொண்டாந்து வெச்சிருக்கும்."

"பறவை கட்டை விரலால அமுக்கி வெச்சிருக்கு சார். ரேகை தெரியுது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் வைத்தது பதினொன்று. வீட்டுக்காரி மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம் பின்பக்க ஏணியில் ஏறி, மெழுகுவத்தியை உருக்கி அந்தத் துளையில் வைத்தேன். துளையைச் சுத்தம் செய்தால் மெழுகு போய்விடும், செய்யாவிட்டால் இருக்கும். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. தடவிக்கொண்டே உள்ளே வந்தவன் தாளில் எழுத மறந்துவிட்டேன்.

டார்ச் நெற்றி விளக்கை அணைத்தான். முதன்முறையாக அவன் கண்ணைப் பார்த்தேன். சாதாரணக் கண்தான்.

"உங்க வண்டி வந்தாலே மொதல்ல நீங்க வெச்சதைத்தான் தேடுவோம் சார். அதிகமா கண்டுபிடிக்கறவனுக்கு மத்தவங்க டீ வாங்கித் தரணும். அந்தத் தடவை பத்து கெடச்சுது. அவ்ளோதான்னு நெனச்சிட்டோம்."

மெழுகை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தத் துளையைச் சுத்தம் பண்ணணும்னு சர்வீஸ் தாள்ல இருக்கு. நான் மேல ஏறவே இல்ல. டிக் மட்டும் போட்டேன். ஏறியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன்."

பார்த்தீர்களா? என் பொறி வேலை செய்திருக்கிறது. நான்கு வருடமாகக் காத்திருந்து ஒரு டீலரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் அவன் கையிலிருந்த மெழுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

இன்று பதினாறாம் தேதி. நாளை காலை கிளம்புகிறோம். பதினெட்டு சாயங்காலம் போய்ச் சேர்வோம். நான்கு மாதம் இருக்க வேண்டியவள், நடுவில் ஒரு நாள்தான் அக்காவோடு முழுசாக இருக்கப் போகிறாள்.

கதைக்கு என்னிடம் மூன்று முடிவு இருக்கிறது.

முதல் முடிவு: துளையைத் தொடாமலே டிக் போட்டுவிட்டார்கள், அதனால்தான் ஒழுகியது. இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. டீலரிடம் வண்டி விட்டவர் யாராக இருந்தாலும் இதைப் படித்துக் கைதட்டுவார். கவுண்டர் பெண்ணைத் திட்டியதற்கு இவளும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது: டார்ச் எழுதிக் கொடுத்த வேலைச் சீட்டு. "வடிகால் துளையில் அடைப்பு. நீக்கப்பட்டது." முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டிருக்கிறான். அடைத்தது எது, யார் என்று இல்லை. "போதுமா சார்?" என்று வேறு கேட்டான். இதைவிடச் சின்னதாக ஒரு கதையை யாராலும் முடிக்க முடியாது.

மூன்றாவது: எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. நாளை வண்டி ஓடும்போது, அவள் கட்டிலில் படுத்திருக்கையில், சாலையைப் பார்த்தபடியே சொல்லலாம். அவளால் சட்டென்று எழுந்து வர முடியாது. இரண்டு நாள் பேசாமல் வருவாள். பேசினால் இன்னும் மோசம்.

கதை எழுதுகிறவனாக இருந்தால் நான்காவது ஒன்றைக் கட்டியிருப்பேன். அக்கா வெளிநாடு போக மறுத்துவிடுகிறார், எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், மெழுகை யாரும் கேட்பதே இல்லை. அதற்குத்தான் அவர்களை நம்பக் கூடாது என்கிறேன்.

6

வண்டிக்குள் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டுக்குள் பெட்டி கட்டுகிறாள். அக்காவிடம் போனில், "டீலர்காரங்க பண்ண கூத்துக்கா... இவர் விடல, நாலு தடவை போய் நின்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்தார்" என்று சொல்லிச் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. என்னைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி எத்தனையோ வருடமாகிறது.

இப்போது கூப்பிடுகிறாள்.

"என்னங்க! மிச்சத்தை எழுதிட்டீங்களா? குடுங்க, கெளம்பறதுக்குள்ள திருத்திடறேன். என் கண்ணாடியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன்.

படிக்கிறவர் நீங்கள். மூன்று முடிவையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். எது என்று சீக்கிரம் சொல்லுங்கள். அலமாரி, மேஜை, தலையணை அடி எல்லாம் தேடி முடித்துவிட்டு அவள் படியிறங்கி வந்துகொண்டிருக்கிறாள்.