ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பொழுது புலர்வதற்குள் நானூறு படுக்கை விரிப்புகள் உருளையைக் கடந்தாக வேண்டும். ஈர விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை, எல்லாரும் வாயாடி என்றழைக்கும் தோழியும் பற்றி, உதறி, துணியை உலர்த்தித் தேய்க்கும் கொதிக்கும் இரட்டை உருளைகளுக்கிடையே ஊட்டினார்கள். ஆவி முகத்தில் அறைந்தது. விரல் நுனிகளில் தோல் பேருக்குத்தான் இருந்தது. வாயாடி நிற்கும் இடத்தில் மூன்று வாரங்களுக்கு முன்புவரை அவளுடைய அண்ணி நின்றாள். இரண்டு விரல்களை உருளைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தக் கூடம் கைமாறியிருந்தது. பழைய ஆட்கள் இருபத்திரண்டு பேரும் நேர்காணலில் தேறினால்தான் வேலை என்றார் புது முதலாளி. பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கே அவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள்.

"என்னதான் கேக்கறாங்க?"

நேற்று நேர்காணலுக்குப் போய்வந்த ஐவரில் வாயாடியும் ஒருத்தி. "கூட வேலை செய்யறவங்க தப்பு செஞ்சப்ப நீங்க என்ன பண்ணீங்க, ஒரு சம்பவம் சொல்லுங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"உங்க அண்ணி கைய உள்ள விட்டதையும் நான் புடிச்சு இழுத்ததையும். அஞ்சு பேரும் அதத்தான் சொல்லியிருக்கோம். வேற என்ன சம்பவம் இருக்கு நமக்கு? தெனம் துணி, தெனம் தண்ணி. அந்த டைப் அடிக்கற அம்மா ஒரு எழுத்து விடாம தட்டிக்கிட்டாங்க."

"கம்பியக் கட்டியிருந்தத சொன்னீங்களா?"

வாயாடி அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி மடிப்புப் பட்டாலும் நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் கத்துவார். ஆகவே வேலைக்கு முதலில் வருபவர் அதைக் கிழிசல் துணியால் தூக்கிக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. விபத்தன்று முதலில் வந்து அதைக் கட்டியவள் அவளேதான்.

காலை எட்டு மணி இடைவேளையில் அண்ணி வந்தாள், கட்டுப்போட்ட கையும் நேற்று மாலை வந்த ஒரு கடிதமுமாக. சக ஊழியர் ஐவரின் கூற்றுப்படி விபத்து அவளது கவனக்குறைவால் நேர்ந்தது என்றது கடிதம். பணியில் தொடர இயலாது. வாயாடி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "நல்லா பதில் சொன்னேன்னு நெனச்சேன், அண்ணி."

"நல்லாத்தான் சொல்லியிருக்க," என்றாள் அண்ணி.

கொதிகலன்காரரை எல்லாரும் நீராவி என்பார்கள். அவர் சொன்னார்: "கம்பியக் கட்டினோம்னு சொன்னா நம்ம சீட்டும் கிழியும்."

"சொல்லாததுல அண்ணி சீட்டு கிழிஞ்சிடுச்சே," என்றாள் அவள்.

பத்து மணிக்கு அவள் முறை. அதுவரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மடித்த விரிப்புகளைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பதட்டப்படாதீங்க," என்றார் நேர்காணல் அறையில் புது முதலாளி. "இதுல சரி, தப்புன்னு எதுவும் கெடையாது."

"அப்ப எங்க அண்ணிக்கு ஏன் சார் கடுதாசி வந்துச்சு?"

"அது வேற பிரிவு."

"சரி. கேள்வியக் கேளுங்க."

அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்து மேசையிலிருந்த தட்டச்சுப் பெண் விசைகளின்மேல் விரல்களை வைத்தாள்.

"தப்பு செஞ்சது நான் சார். அன்னைக்குக் கம்பியத் தூக்கிக் கட்டினேன். கட்டச் சொன்னது சூப்பர்வைசர். கட்டாம இருந்திருந்தா மெஷின் நின்னிருக்கும். அவங்க வெரலு இருந்திருக்கும்."

"இத எழுத வேண்டாம்," என்றார் முதலாளி அந்தப் பெண்ணிடம்.

"ஒரு எழுத்து விடாம எழுதுவாங்கன்னு சொன்னாங்களே."

"உங்க வேலைய நீங்களே கெடுத்துக்கறீங்க. புரியுதா?"

"புரியுது. நெருக்கடியில எப்படி நடந்துக்குவீங்கன்னு அடுத்து கேப்பீங்களாம். அதுக்கும் இதையே பதிலா வச்சுக்குங்க."

கதவு திறந்தது. வாயாடி நின்றாள், பின்னால் நேற்றைய நால்வர், அவர்களுக்கும் பின்னால், கையைத் துடைத்தபடி நீராவி. கூடத்தில் உருளையின் இரைச்சல் ஓய்ந்திருந்தது.

"உங்கள யாரு கூப்பிட்டா?"

"எங்க பதில்ல ஒரு வரி விட்டுப்போச்சு சார்," என்றாள் வாயாடி. " சேத்துட்டுப் போறோம்."

"நேர்காணல் முடிஞ்சவங்களுக்கு மறுபடி கெடையாது."

ஒருவரும் நகரவில்லை. நடைவழியில் மேலும் செருப்பொலிகள் வந்து நின்றன. தட்டச்சுப் பெண் முதலாளியைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் விசைகளுக்குத் திரும்பின.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றாள்.

"ஒவ்வொருத்தரா எதுக்குங்க?" என்றாள் வாயாடி. "எல்லாருக்கும் ஒரே சம்பவந்தான்."