பச்சை நெல்லின் முதல் மரியாதை

எங்கள் ஊரில் அறுவடை மிஷின் முதலில் ராஜராஜன் வயலில்தான் இறங்க வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. அவருடைய தாத்தா காலத்தில் அரிவாள் அங்கேதான் முதலில் பட்டது. அரிவாள் போய் மிஷின் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. அவருக்குக் கைராசி உண்டு என்பார்கள். அந்தக் கையைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். கைபேசியும் கார்ச் சாவியும் தவிர வேறெதையும் அதில் கண்டதில்லை. தஞ்சாவூரில் குடியிருக்கிறார். நடவுக்கும் அறுப்புக்கும் வந்து போவார். இந்த மண்ணில் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்த காரியம். அதிலும் பாடுபட்டது அவருடைய அம்மா.

இந்தத் தை மாதம் மிஷினைப் பேசி வைத்தவள் கயல்விழி. அவளுடைய அப்பா நல்லக்கண்ணு, ராஜராஜன் வீட்டுப் பண்ணையாளாக இருந்தவர். கடைசிக் காலத்தில் அந்த வீட்டு வயலுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் வாங்கினார். அவர் போன பிறகு கயல்விழியும் அம்மா ராமாயியும் பயிர் வைக்கிறார்கள். நெல் பழுத்து, தொட்டால் கொட்டும் பதத்தில் நின்றது. சாயங்காலம் கனமழை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மழைக்கு முன்னால் அறுக்காவிட்டால் கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். ஐந்து மாதப் பாடு அதோடு போயிற்று.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மிஷின் ஓட்டி வந்த வெற்றிசெல்வன், கயல்விழி பெயரைத்தான் முதலில் குறித்திருந்தான். ஆனால் அவள் வயலுக்கு ராஜராஜன் வயல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வயலோ இன்னும் பச்சை. நடவுக்கு நல்ல நாள் பார்த்தே இருபது நாளைத் தள்ளியிருந்தார் மனிதர்.

"வரப்போரமா ஒரு ஓட்டு மட்டும் அறுத்து வழி பண்ணிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடறேங்க. இது இன்னும் இருபது நாள் நிக்கணும்" என்றான் வெற்றிசெல்வன்.

"நீ ஓட்டுறவனா, ஜோசியம் பாக்குறவனா?" என்றார் ராஜராஜன். "எங்க வயலை முடிக்காம இந்த ஊர்ல மிஷின் வேற வயலுக்குப் போனதில்ல."

"அண்ணன் கை பட்டாதான் ஊருக்கே வெளையும்" என்றார் பக்கத்தில் நின்ற தியாகராசன். அவருக்கு ராஜராஜன் காரில் அடிக்கடி வலங்கைமான் வரை போக வேண்டியிருக்கும்.

கயல்விழி முன்னால் வந்தாள். "சார், மூணு மணி நேரம் விட்டாப் போதும். மழை வந்தா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

ஊரே 'ஐயா' என்கிற ஆளை அவள் 'சார்' என்றது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்காமல் ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார்: "வீட்ல ஆம்பளை யாராச்சும் இருந்தா வந்து பேசச் சொல்லு."

"பட்டா எம்பேர்ல இருக்கு. மிஷின் பேசுனதும் நான்தான்."

"அதான் சொல்றேன், ஆம்பளையை வரச் சொல்லு."

ராமாயி சிரித்துவிட்டாள். "எங்கூட்டு ஆம்பளை சுடுகாட்ல இருக்காருங்க. கார் இருக்குல்ல, போயிக் கூட்டியாங்க."

காரிலிருந்து ராஜராஜன் மனைவி குந்தவை இறங்கினார். ஒரு கதிரை உருவி, நெல்லைக் கடித்துப் பார்த்தார். "பால் வருதுங்க. இதை அறுத்தா ஒண்ணுக்கும் ஆகாது."

"நீ வண்டியில உட்காரு."

கடவுள் நெல்லுக்குள் பால் ஊற்றும்போது அது யார் வயல் என்று பார்ப்பதில்லை. முற்ற வைக்கும்போதும் அப்படியே. அதை அறிய ஒரு நெல்மணியைக் கடித்தால் போதும். ஆனால் பெண் கடித்துச் சொன்னதை ராஜராஜனால் எப்படி ஏற்க முடியும்?

மிஷின் இறங்கியது. பச்சை வைக்கோல் உள்ளே சுற்றிக்கொண்டு நாலு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் வெற்றிசெல்வன் இறங்கி, கையை விட்டுப் பிடுங்கிப் போட்டான். பகல் ஒரு மணிக்குக் வயலில் பாதிகூட முடியவில்லை. ஈரமும் பச்சையுமாய் ஒரு குவியல் ரோட்டோரம் கிடந்தது. கிழக்கே வானம் கறுத்தது. மேற்பார்வை பார்த்துக் களைத்த ராஜராஜன் சாப்பிட்டுப் படுக்க ஊருக்குள் இருந்த பழைய வீட்டுக்குப் போனார்.

குந்தவை போகவில்லை. மிஷின் அருகே வந்து நின்றார்.

"தம்பி, பின்னாடி வயலுக்கு வழி ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சுங்கம்மா. ஐயா..."

"ஐயாவுக்கு எழுந்திரிக்க நாலு மணியாகும். எழுந்தா நான் பேசிக்கிறேன். நீ போ."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் புருஷன் சொல்லை மீறுவது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நாலு மணிக்கு முதல் துளி விழுந்தபோது கயல்விழி வயலில் ஒரு மூலைதான் பாக்கி. நெல் குவியலாகி ரோட்டுக்கு வந்திருந்தது. அவளும் ராமாயியும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அப்போதுதான் பக்கத்துக் குவியல் தெரிந்தது. தியாகராசனைக் காணோம். குந்தவை ஒற்றை ஆளாய்ப் பழைய சாக்குகளைப் பச்சை நெல்மேல் பரப்பிக்கொண்டிருந்தார். கயல்விழி இன்னொரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஒரு முனையைப் பிடிங்கக்கா."

"உனக்கு வேணாமா?"

"எனக்கு ஒண்ணு போதும்."

குடையோடு வந்த ராஜராஜன், மூடிய குவியலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "நல்லக்கண்ணு மகளுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கு." நனைந்து நின்ற மனைவியை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை வெயில் வந்தது. ராஜராஜன் ரோட்டோரம் நாற்காலி போடச் சொல்லி, குவியல் பக்கத்தில் உட்கார்ந்தார். போவோர் வருவோரிடமெல்லாம் அவரே சொன்னார்: "என் வயல்ல மொதல்ல எறங்குச்சா, அந்தப் பொண்ணுக்கும் மழைக்கு முன்னாடி அறுத்து முடிஞ்சுது. இல்லேன்னா நடக்குமா? எல்லாம் ராசி." தன் வயல் அரைகுறையாய் நிற்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தியாகராசன் ஆமாம் ஆமாம் என்றார்.

தார்ப்பாயை எடுக்க வந்த கயல்விழி அதைக் கேட்டுக்கொண்டே முனையைத் தூக்கினாள். ஆவியும் புளித்த வாடையும் அடித்தன.

"ராசி இருக்கட்டும் சார். உள்ள கை வெச்சுப் பாருங்க, சுடுது. இப்பவே கிளறலேன்னா மாட்டுக்குக்கூட ஆகாது."

"என்ன சொல்லுது அது?" என்று தியாகராசனைக் கேட்டார் ராஜராஜன்.

தியாகராசன் பதில் சொல்வதற்குள் குந்தவை செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலில் இறங்கி, காலால் நெல்லைத் தள்ளத் தொடங்கினார். கயல்விழி தார்ப்பாயை மடித்து வைத்தாள். பிறகு நெல் தள்ளும் பலகையை எடுத்து எதிர்ப்பக்கம் நின்று இழுத்தாள். சூடான நெல் சரிந்து ரோட்டில் பரவி, நாற்காலி வரை வந்தது.

ராஜராஜன் கால் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.