எட்டாவது மடிப்பு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இன்று முதல் 'தும்பி ஆடையகம்' என்னும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக அதன் உரிமையாளரே பொறுப்பேற்கிறார். வேலை நேரத்தில் அவரை யாரும் 'ஏங்க' என்றோ 'இந்தாங்க' என்றோ கூப்பிடக் கூடாது. 'எம்.டி.' என்று மட்டுமே கூப்பிட வேண்டும்.

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று தையல் மெஷின்களும் ஓர் இஸ்திரி மேசையும் அடைத்துக்கொண்டிருந்த ஓர் அறையில் வெளியானது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி. வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் கருத்துச் சொல்ல முடியவில்லை. இன்னொருத்தி பட்டன் தைக்கும் கண்ணாடிக்காரம்மா. அவள் வாயில் ஊசி எதுவும் இல்லை.

"எம்.டி.ன்னா என்ன சார், சம்பளம் கூடுமா?"

"எனக்கா?"

"எங்களுக்கு."

"நிறுவனம் வளரும்போது நாம எல்லாருமே வளருவோம்."

"அப்ப கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

அந்த நிறுவனத்தின் மொத்தச் சொத்தும் ஒரே ஓர் உடைதான். ஒன்பது வருடங்களுக்கு முன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பஸ் நிலையத்தில் பசித்து வீரிட்டவளுக்குப் பால் கொடுக்க மறைவாக ஓர் இடம் கிடைக்காமல் மனைவி அரை மணி நேரம் அல்லாடினாள். வீட்டுக்கு வந்தவள் நேரே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முன்பக்கம் மடிப்பு மடிப்பாக விழும் ஒரு நீளக் கவுன், மடிப்புக்குள் ஒளிந்த ஜிப். இழுத்தால் குழந்தைக்கு வழி. விட்டால் எதிரே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தைத்ததில் எண்ணிக்கை தப்பி, இடப்பக்கம் ஏழு மடிப்பும் வலப்பக்கம் எட்டும் விழுந்துவிட்டன. பிரித்துத் தைக்கலாம் என்று எடுத்தவள் நிறுத்தினாள். தப்பாக விழுந்த அந்த எட்டாவது மடிப்புதான் ஜிப்பை இமை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டாள்.

உடை ஒன்பது வருடம் அலமாரியில் கிடந்தது. இந்த வருடம் தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் அதே அளவில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கினாய் என்று தங்கையைப் பிடுங்கி எடுத்தார்கள். வீட்டு முன்னறை தையல் அறையானது. மகளை வீட்டில் கூப்பிடும் பெயர் தும்பி. உடைக்கும் அதுவே பெயர். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் நீல நூலில் ஒரு சின்னத் தும்பி. "இந்த டிசைன்ல சாரோட பங்கு குழந்தை மட்டும்தான்" என்பது கண்ணாடிக்காரம்மாவின் கணிப்பு.

அறிவிப்பு முடிந்து குண்டூசிகளும் வெளியே வந்ததும், மனைவி பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க... எம்.டி. சார். பேரையும் டிசைனையும் பதிவு பண்ற படிவம். தும்பி கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்குறாங்க. விக்கிறதுக்கு முன்னாடி, நாலு பேருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

எம்.டி. படிவத்தைப் புரட்டினார். பதினோரு பக்கம். ஒன்றில்கூடத் தன் படத்தை ஒட்ட இடம் இல்லை.

"முதல்ல பலகை. அப்புறம் பதிவு. நம்ம பேரை எவன் திருடப் போறான்? திருடுற அளவுக்கு வளரட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

பலகை வந்தது. உள்ளே விளக்கு எரியும் பலகை. தும்பி ஒரு மூலையில் ஈ அளவுக்கு இருந்தது; எம்.டி. ஆளுயரத்துக்கு இருந்தார். பதிவுக் கட்டணம் அந்த விளக்குகளின் விலையில் பாதிகூட வராது. படிவமும் வீண் போகவில்லை. ஆடிக்கொண்டிருந்த இஸ்திரி மேசையின் காலுக்கு அடியில் நாலாக மடித்து வைத்ததும், மேசை அளவெடுத்துச் செய்தது போல நின்றது.

தொழில் நன்றாகவே போனது. ஆறு கடைகள் வாங்கின. மனைவியின் விரல்கள் மரத்துப் போயின. எம்.டி.யின் புகழ் சிறு வணிகர் சங்கம் வரை எட்டியது. 'என் வெற்றியின் ரகசியம்' என்ற தலைப்பில் பேச வரும்படி அழைத்தார்கள். ரகசியத்தைச் சொல்லச் சொல்லி மேடை போட்டுக் கூப்பிடுகிறார்களே என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். எம்.டி. கோட்டு தைக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரம் பேசினார். உடையைக் கையில் தூக்கிப் பிடித்து, மடிப்புகளை எண்ணிக் காட்டி, ஜிப்பை இழுத்துக் காட்டி, எட்டாவது மடிப்பு எத்தனை விரற்கடை அகலம், எங்கே தொடங்கி எங்கே மடங்குகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைகால் புரியாத அந்த நேரத்தில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்த வெட்டுத் தாள்களையும் பார்வைக்குச் சுற்றில் விட்டார். துணியை எந்த அளவில் எப்படி வெட்ட வேண்டும் என்று அவள் பழுப்புத் தாளில் வெட்டி வைத்திருந்த அச்சுகள் அவை. கேடயம் கொடுத்தவர் ஒரு மொத்த வியாபாரி. எம்.டி.யின் கையைக் குலுக்கியவர் விடவே இல்லை.

"நீங்க வியாபாரி இல்ல சார், கலைஞன்."

வெட்டுத் தாள்கள் இரண்டு நாள் கழித்து அந்த வியாபாரியிடமிருந்து திரும்பி வந்தன, சுருக்கம் எடுத்து, இஸ்திரி போட்டு. "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன் பாரு" என்று எம்.டி. மனைவியிடம் காட்டினார். அவள் தாள்களைப் பார்த்தாள், மேசைமேல் நின்ற கேடயத்தைப் பார்த்தாள், மெஷினை ஓட்டினாள். அன்று மெஷின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அந்தப் பேச்சு முடிந்து நான்காவது மாதம் ஆறு கடைகளில் நான்கு சரக்கைத் திருப்பி அனுப்பின. எம்.டி. ஒரு கடைக்கு நேரே போனார்.

"நாங்க இப்ப தும்பி கம்பெனியில நேரடியா எடுக்கிறோம் சார். விலையும் கம்மி" என்றாள் கடைக்காரம்மா.

"நான்தாம்மா தும்பி!"

அவள் அவரை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "அப்படியா சார்" என்றாள்.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் தடித்த உறை வந்தது. இன்னொரு பாராட்டு விழா அழைப்பு என்று எண்ணி, கண்ணாடிக்காரம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கவே படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. நான்காவது வரியில் நின்றே போனது. 'தும்பி' என்ற பெயருக்கும், நீலத் தும்பிச் சின்னத்துக்கும், ஏழு-எட்டு மடிப்பு வடிவமைப்புக்கும் மொத்த வியாபாரியின் நிறுவனமே உரிமையாளர். இவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்தி வரும் நீங்கள் பதினைந்து நாட்களுக்குள் நிறுத்தாவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம்.

"நம்ம பிள்ளை பேரை நாம திருடிட்டோமாம்" என்றார். அன்றைக்கு அவர் குரலில் எம்.டி. இல்லை.

வக்கீலம்மா இரண்டு உடைகளை மேசைமேல் பரப்பி வைத்தார். ஒன்று மனைவி தைத்தது. மற்றது கடையில் வாங்கியது. மனைவி குனிந்து விரல் வைத்து எண்ணிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் எட்டு. இது நான் பண்ண தப்புங்க. பிள்ளைய மடியில வச்சுத் தைச்சதால வந்த தப்பு. அவங்க மடியில எந்தப் பிள்ளை இருந்துச்சுங்க?"

"புரியுதும்மா. ஆனா அந்தத் தப்பையும் அவங்க பதிவு பண்ணியிருக்காங்க. நீங்க பண்ணலையே." வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பினார். "பில் இருக்கா? தும்பின்னு பேர் போட்டு, தேதி போட்டு?"

"துண்டுச் சீட்டுலதான் எழுதிக் குடுத்தோம். விசிட்டிங் கார்டு இருக்கு."

"அதுல தேதி இருக்கா?"

"என் படம் இருக்கு."

வக்கீலம்மா பேனாவை மூடினார். கணவர் அவசரமாகச் சொன்னார்: "சங்கத்துல நான் பேசின வீடியோ இருக்கு மேடம். ஒரு மணி நேரம். எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்."

"அப்படியா? அவங்க பதிவுக்கு முன்னாடியா?"

"மூணு வாரம் முன்னாடி."

"அப்ப அவங்க டிசைன் பதிவை ரத்து பண்ணிடலாம்."

அவர் முகத்தில் பலகை விளக்கு எரிந்தது. கடைசியில் தன் பேச்சுதான் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறது என்பதை மனைவியும் உணர வேண்டும் என்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா உங்களுக்கும் கிடைக்காது" என்றார் வக்கீலம்மா. "நீங்களே ஊரறியக் காட்டினதுக்கப்புறம் அது புதுசு இல்ல. யாருக்கும் சொந்தமில்ல, யார் வேணா தைக்கலாம். அவங்களும்தான். பேருக்குத் தனி வழக்கு. நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க அந்தப் பேர்ல விக்கக் கூடாதுன்னு தடை கேட்பாங்க. கையில இந்த ஆதாரத்தோட நாம தடுக்கிறது கஷ்டம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவர் மொத்த வியாபாரியைத் தேடிப் போனார். சண்டை போடத்தான் போனார். அங்கே அறுபது மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடின; அந்தச் சத்தத்தில் கத்துவது வீண் வேலை. வியாபாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"வாங்க சார், வாங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தானே எனக்கே இந்த யோசனை வந்துச்சு."

"இது என் பொண்டாட்டி உழைப்புங்க. என் பொண்ணு பேரு."

"அட, எனக்குத் தெரியாதா? மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. தொழில் வேற, சிநேகம் வேற." வியாபாரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவி வேணும். அந்த எட்டாவது மடிப்பு மட்டும் எங்க ஆளுங்களுக்குச் சரியா உக்கார மாட்டேங்குது. துவைச்சா தூக்கிக்குது. உங்க வீட்டம்மா வந்தா, பீஸுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்."

இதை வீட்டில் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வியாபாரியின் மூன்று தலைமுறையையும் திட்டினாள். மனைவி கடைசித் துணியின் ஓரத்தை அடித்து முடித்தாள்.

"நான் போறேன்."

"அவன்கிட்டயா?"

"கடை இல்ல, பேரு இல்ல. வக்கீலுக்குக் குடுக்க வழியும் இல்ல. அந்த மடிப்பு எனக்குத்தானே வரும்."

"உனக்கு அவமானமா இல்லையா?"

"இருக்கு. அந்தச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் குடுங்க, கழுவி வைக்கிறேன்."

பதினைந்தாம் நாள் பலகையை இறக்கினார்கள். தூக்கிப் போக வந்த பழைய சாமான்காரர், விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, படம் போட்ட தகரத்துக்கு விலை கிடையாது என்று விட்டுவிட்டுப் போனார். பள்ளி விட்டு வந்த மகள் வாசலில் நின்று வெறுஞ்சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, நானும் இனிமே வேற பேரு வச்சுக்கணுமா?"

அவர் உள்ளே போனார். மெஷின்களை விற்றாகிவிட்டது. இஸ்திரி மேசையை நகர்த்தியபோது காலடியிலிருந்து படிவம் வந்தது. நாலாக மடித்தது, ஓரம் கறுத்து, நடுவில் மேசைக்காலின் வட்டம் பதிந்து. தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்தார், பதினோரு பக்கத்தையும், முதல் தடவையாக. நிரப்புவதற்கு அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

மனைவி தினமும் காலையில் போய் மாலையில் வந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தும்பி.

ஒரு வருடம் கழித்துச் சங்கத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. 'வணிகப் பெயரும் வடிவமைப்பும் பாதுகாப்போம்' விழிப்புணர்வு நாள். அனுபவம் உள்ளவர் என்ற முறையில் அவர் பேச வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "போங்க. போய் இந்தத் தடவையாவது உபயோகமா பேசுங்க" என்றாள்.

கோட்டுப் போடாமல் போனார். முன்வரிசை நடுவில் மொத்த வியாபாரி உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்தவருக்கு வழக்கமாகப் பொங்கி வரும் பேச்சு வரவில்லை.

"நான் நிறையப் பேச மாட்டேன். உங்க தொழிலுக்குப் பேரு வச்சீங்கன்னா, பலகை மாட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பேரைப் பதிவு பண்ணுங்க. புதுசா ஒண்ணு உண்டாக்கினீங்கன்னா, நாலு பேருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி அதைப் பதிவு பண்ணுங்க. பில்லுல பேரும் தேதியும் போடுங்க. நான் காட்டினேன், கைதட்டு வாங்கினேன். கைதட்டைப் பதிவு பண்ண எந்த ஆபீஸும் இல்ல. இன்னொண்ணு. அடுத்தவங்க உழைப்பைத் தூக்கிட்டுப் போய் நம்ம பேர்ல விக்கிறதுக்குப் பேரு வியாபாரம் இல்ல. திருட்டு. சட்டம் அதுக்கு என்ன பேரு வச்சாலும் திருட்டுதான்."

பிறகு கைதட்டல். எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் மொத்த வியாபாரி. அவரே மேடையேறி, கையைக் குலுக்கி, புதுக் கேடயம் ஒன்றை நீட்டினார். அதன் அடியில் நீல நிறத்தில் ஒரு சின்னத் தும்பி இருந்தது. பக்கத்தில் 'அன்பளிப்பு: தும்பி ஆடையகம்' என்று பொறித்திருந்தது.

அவர் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.