மூன்றாவது குதிரை

படங்களுக்குச் சட்டம் போடும் அண்ணனுக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. கண்மேலும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தங்கை கொடுத்த ஓவியத்தில் நீலமாக ஒரு மலை, மஞ்சளாக ஒரு வெளி, குதிரை என்று சொன்னால் மட்டுமே குதிரையாகத் தெரிகிற இரண்டு உருவங்கள். வலது ஓரத்தில் தூரிகையைத் துடைத்தாற்போல் பழுப்பாக ஒரு தீற்றல். கடையில் தயாராக இருந்த தேக்குச் சட்டத்துக்குத் தாள் நான்கு விரல் அகலம் கூடுதல். அந்தத் தீற்றலைச் சத்தமில்லாமல் நறுக்கிக் குப்பையில் போட்டார்.

கண்காட்சியில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று விளக்கினார். "ரெண்டும் வெறுமையைப் பாக்குது. வரைஞ்சவங்க தனிமையைச் சொல்றாங்க."

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "இங்க ஒரு குட்டி இருந்துச்சில்ல? அதைத்தானே ரெண்டும் பாக்குது?"

அந்தப் பழுப்புத் தீற்றல்தான் குட்டி என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை பேர் முன்னால் வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா, ரெண்டுதான் இருந்துச்சு."

அவள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். ஞாபகம் கொஞ்சம் தடுமாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவருடைய மனைவி சொன்னாள். "வண்ணமெல்லாம் பெட்டியில போட்டு என்கிட்ட கொடுத்துட்டா. இல்லாததை இருக்குன்னு நம்புறவ எதை நம்பி வரையறது அண்ணின்னு கேக்குறா."

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். இப்படியும் ஒரு அண்ணனா என்று தன்னையே திட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். பழைய பேப்பர்காரர் காலையிலேயே குப்பையை அள்ளிப் போயிருந்தார்.

கண்காட்சியிலிருந்து படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கண்ணெதிரே சட்டத்தைப் பிரித்தார்.

"குட்டி இருந்துச்சும்மா. நான்தான் வெட்டினேன். பயந்துபோய்ப் பொய் சொன்னேன்."

அவள் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிசிறே இல்லை. வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"வெட்டின மாதிரியே தெரியலையே, அண்ணா."

"சத்தியமா வெட்டினேன்."

அவள் கண் கலங்கச் சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்றியே. உன்னை மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?"