சாட்சிக்கு வந்த சட்டை

முதியோர் பாதுகாப்பு அலுவலகத்தின் மர பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. எதிர்ப் பெஞ்சில் மகன். படிய வாரிய தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று உட்கார்ந்திருந்தான்.

விஷயம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆயுசெல்லாம் போர்வை துவைத்துக் கட்டிய வீட்டை, இப்போதே தன் பேருக்கு எழுதிக் கொடு என்கிறான். மாட்டேன் என்றதற்குப் போன மாதம் மூக்கில் குத்தினான். அவனை வெளியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அந்த உத்தரவு மட்டும் கிடைத்தால் பயமில்லாமல் கண்ணை மூடலாம்.

அவளுக்காக வாதாட வந்த வக்கீல் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி சொல்ல வரலையாம்மா?"

"எங்களுக்கு எதுக்கு வம்புன்னுட்டாங்க கண்ணு."

"போகட்டும். அன்னைக்கு நீங்க போட்டிருந்த, ரத்தம் பட்ட வேலைச் சட்டையை எடுத்துட்டு வரச் சொன்னேனே?"

"எடுத்துட்டு வராம இருப்பேனா?" பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

வக்கீல் விரித்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "கறை எங்கம்மா?"

"அதோட எப்படிம்மா ஆபீசர் முன்னாடி நீட்டுறது? அசிங்கமில்ல? காய்ஞ்ச ரத்தம் லேசுல போகுமா? பச்சத் தண்ணியில உப்புப் போட்டு ஊறவச்சு, கசக்கி..."

வக்கீலின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அடிப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஊரார் ரத்தத்தையெல்லாம் துவைத்த கை, தன் ரத்தத்தையும் விட்டுவைக்கவில்லை. பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "அடிச்சதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். வக்கீல் பெண் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெத்த தாயை அடிப்பேனா சார்? வயசாயிடுச்சு, ஏதேதோ சொல்றாங்க."

"டேய், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுடா!"

அவன் தொட்டே சொன்னான்.

விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை இரண்டு பேரும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே வீட்டில் இருங்கள் என்று அதிகாரி புத்தி சொல்லி அனுப்பினார்.

வராந்தாவில் வக்கீல் தயங்கினாள். "வேற எங்கயாவது தங்க இடம் இருக்காம்மா?"

"இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்? அதுவுமில்லாம, அது என் வீடும்மா."

வாசலில் மகன் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். வீட்டில் அவள் கிழவி, இங்கே அம்மா. "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி.

வாசல் காவலாளிக்கு வாயெல்லாம் பல். "நீரடிச்சு நீர் விலகுமா? ஏறுங்கம்மா, ஏறுங்க."

அவள் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை திரும்பும்வரை அவன் மெதுவாகவே ஓட்டினான். திரும்பியதும் வேகத்தைக் கூட்டினான். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.