கயிற்றுக்குள் ஒரு வண்டி

காலையில் அப்பம் சுட்ட கல்லைக் கழுவி வைப்பதற்குள் மஞ்சள் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆரின் இறங்கிவிட்டார். கையில் அளவு டேப், காதில் பென்சில், கால்சட்டைப் பைக்குள் சுண்ணாம்புக் கட்டி. முப்பத்து நாலு வருஷம் சரக்கு ரயில் ஓட்டிய மனிதர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார்.

அவர் மனைவி வெர்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வண்டியே அவர்களுடைய வீடு. நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்று அதை வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. முப்பத்தெட்டு அடி நீளம். பொத்தானை அமுக்கினால் சுவரே வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கூடம் பெரிதாகும். துணி துவைக்கிற எந்திரம், சாய்வு நாற்காலி இரண்டு, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட மேஜை, எல்லாம் உண்டு. கோடைக்கு வடக்கே, குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனம். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் பீனிக்ஸில் டாக்டர் ஆரினுடைய கணையத்தில் இருந்த புற்றைத் திரையில் காட்டினார். அடுத்த குளிர்காலத்தை ஆரின் பார்ப்பாரா என்று வெர்லீன் கேட்டாள். "பார்த்தால் சந்தோஷம்" என்றார் டாக்டர். அந்தப் பதிலை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அதுமாதிரி அன்றிலிருந்து உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. காப்பி குடித்தால் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. அழுகை வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டாள், அந்த வெட்கமும் அரைகுறையாகத்தான் இருந்தது.

பீனிக்ஸிலிருந்து திரும்பிய மறுவாரமே ஆரின் பேச்சை எடுத்தார். "இவ்ளோ பெரிசு நமக்கெதுக்கு? யூமாவுல ஒரு சின்ன வண்டி வந்திருக்கு, இருபதடி. பெட்ரோலும் மிச்சம், நிறுத்தறதும் சுலபம். நமக்கு அது போதும்." நமக்கு, நமக்கு என்றே பேசினார். யூமாக்காரனிடம் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். இன்று புதன். பெரிய வண்டியை விட்டுவிட்டுச் சின்னதுக்குப் போவதா வேண்டாமா என்பது பாக்கி. வெர்லீன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாராவது முடிவு பண்ணினால் தேவலை என்றிருந்தது.

வண்டியைச் சின்னதாக்குகிறவர்கள் எல்லோரும் இந்தப் பாலைவன முகாமில் செய்கிற காரியத்தைத்தான் ஆரினும் செய்தார். புது வண்டியின் அளவுக்குத் தரையில் கயிறு போட்டு, ஒரு பகல் முழுக்க அதற்குள் வாழ்ந்து பார்ப்பது. கயிற்றைத் தாண்டக் கூடாது, கதவு வழியாகத்தான் வரப்போக வேண்டும். சாயங்காலத்துக்குள் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெரிக்காமல் இருந்தால் வாங்கலாம். போன வருஷம் ஒரு ஜோடி மத்தியானச் சாப்பாடுவரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இருபதடி நீளம், ஆறரை அடி அகலம். மூலைக்கு ஒரு கல். சரளைக்கல் மேல் கயிறு நேராக நிற்க மறுத்தது, ஆரின் குந்தி உட்கார்ந்து இழுத்து இழுத்துச் சரிபண்ணினார். எழுந்திருக்கும்போது தொடையில் கையை ஊன்றிக் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். வெர்லீன் அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

"இறங்கி வாயேன்! வீடு ரெடி!"

அவள் கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள்.

"ஐயையோ, சுவருக்குள்ள பூந்து வர்றியே! கதவு இங்க இருக்கு பாரு."

கயிற்றில் ஓரிடத்தில் இரண்டடி இடைவெளி விட்டிருந்தார். அவள் திரும்பி வெளியே போய் அந்த வழியாக வந்தாள். முன்னால் மடக்கு நாற்காலி ஒன்று, அது ஓட்டுநர் இருக்கை. வலப்பக்கம் ஒரு பலகை, அது அடுப்பு. அதைத் தாண்டிக் கதவு. பின்னால் இடப்பக்கம் இடம் காலியாக இருந்தது.

"உக்காரு. ஓட்டற சீட்டு. கால் எட்டுதா?"

"எங்க எட்ட? பிரேக்கு எங்க இருக்கு?"

"அந்தக் கல்லுதான் பிரேக்கு."

உட்கார்ந்து கல்லை மிதித்தாள். பெரிய வண்டியை அவள் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. ஆரின் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் நின்று கைகாட்டுவது மட்டும்தான் அவள் வேலை.

"இதை நீயே ஓட்டலாம். பின்னாடி கேமரா உண்டு, கைகாட்ட ஆளே வேணாம்" என்றார் அவர்.

பக்கத்து வண்டி ரோஸ்கோ நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஓரிகனில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர்.

"என்னய்யா ஆரின், யாரையாவது கொன்னுட்டியா? போலீஸ் கோடு போட்டாப்புல இருக்கு."

"உன்னைத்தான் பாக்கி வெச்சிருக்கேன்."

"அம்மணி, நல்லா யோசிச்சுக்குங்க. இவன் குறட்டைக்கு முப்பத்தெட்டடியே பத்தாது. இருபதடியில காது போயிடும்." நாய் அடுப்புக்குப் பக்கத்தில் காலைத் தூக்கியது. "பாருங்க, புதுமனை புகுவிழாவும் ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே ரோஸ்கோ போனார். வெர்லீனும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, அதனால் சிரித்தாள்.

அதற்கப்புறம் ஆரின் கயிற்றுக்கு வெளியே துடைப்பக் கட்டையை நட்டுப் பிடித்துக்கொண்டார்.

"கையைத் தூக்கு. எக்காம."

தூக்கினாள். விரல் நுனி தொட்ட இடத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார். அலமாரி இந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாதாம். தண்ணீர்க் குழாயை மாட்டுகிற இடத்தை அவள் இடுப்புக்கு அளந்தார். கழிவுக் குழாயின் பிடியைத் திருக அவள் கைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று தன் விரலைக் கொடுத்துத் திருகச் சொன்னார்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"நல்லா வலிக்குது. போதும், இந்தத் திருகு திருகினா குழாய் கேக்கும்."

அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அவள் கேட்டதற்கெல்லாம் கை நீட்டினாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். தையல்கடையில் அளவு கொடுக்கிறவள்போல இருந்தாள்.

மத்தியானம் கயிற்றுக்குள் உட்கார்ந்து பீன்ஸ் கறியும் ரொட்டியும் சாப்பிட்டாள். பெரிய வண்டியிலிருந்து சட்டியை ஏந்தி வந்தபோது மறுபடி சுவர் வழியாக வந்துவிட்டாள், மறுபடி திட்டு வாங்கினாள். ஆரின் கதவுக்கு வெளியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து தட்டை முழங்காலில் வைத்துச் சாப்பிட்டார். நாலு வாய்தான், மிச்சத்தை ஸ்பூனால் ஓரம் தள்ளிவைத்தார்.

"உள்ள வந்து உக்காந்து தின்னேன்."

"இங்க இருந்து பார்த்தாத்தான் அளவு தெரியுது."

காலையிலிருந்து இதைத்தான் சொல்கிறார். வெர்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது: கயிறு கட்டியதிலிருந்து இந்த மனிதன் ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை. உறைத்ததே தவிர, அதை வைத்து என்ன செய்வதென்று தோன்றவில்லை. தட்டுகளைக் கழுவினாள்.

இரண்டு மணிக்கு அவர் பெரிய வண்டிக்குள் போய் ஒரு பஞ்சு மெத்தையைச் சுருட்டி எடுத்துவந்தார். கதவருகே நின்று அவளிடம் நீட்டினார்.

"பின்னாடி போடு. படுத்துப் பாரு."

போட்டாள். படுத்தாள். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். அவள் ஐந்தடி இரண்டங்குலம். தலைமாட்டில் புத்தகம் வைக்க இடம், கால்மாட்டில் கம்பளி வைக்க இடம். அளவெடுத்துச் சட்டை தைத்தமாதிரி இருந்தது.

"எப்படி?"

"நல்லாருக்கு." கொஞ்சம் கழித்து, "நீ எங்க படுப்ப?" என்று கேட்டாள்.

ஆரின் டேப்பை இழுத்தார், விட்டார். அது சர்ரென்று உள்ளே போனது.

"அந்த வண்டியில படுக்கை ஒண்ணுதான்" என்றார்.

"அது தெரியுது. நீ எங்க படுப்பேன்னு கேட்டேன்."

"வெர்லீன், நான் இருக்கறவரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம். சாய்வு நாற்காலிய வெளிய போட்டுக்கறேன். எவ்ளோ நாளுக்கு? அப்புறம் நீ அந்த மாடு மாதிரி வண்டிய வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? முப்பத்தெட்டடி! உன்னால நகத்தக்கூட முடியாது. நடு பாலைவனத்துல மாட்டிக்கிட்டு ரோஸ்கோ மாதிரி ஆளுக கையில காலுல விழுவியா? அதான் இப்பவே..." துடைப்பக் கட்டையைக் காட்டினார். "உனக்கு எட்டற மாதிரி பார்த்தேன்."

அவள் படுத்தபடியே வானத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. நமக்கு நமக்கு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் இல்லாத ஒரு வீட்டைக் கட்டி அவளை அதில் குடிவைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் நடு மத்தியானத்தில், பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்க. கோபம் சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுந்தாள். கதவு, சுவர் எதையும் பார்க்காமல் நேராகக் கயிற்றைத் தாண்டிப் போனாள். பெரிய வண்டிக்குள் கிடந்த இரண்டாவது மெத்தையைத் தரதரவென்று இழுத்து வந்தாள். படியில் சிக்கியது. ஆரின் கை கொடுக்க வந்தார்.

"தொடாத."

தன் மெத்தைக்குப் பக்கத்தில் அதை விரித்துப் போட்டாள். அது நடைவழியை அடைத்துக்கொண்டு, அவர் கதவுக்காக விட்ட இடைவெளி வரைக்கும் வந்து நின்றது.

"அங்க போட்டா கதவு வழி அடைபட்டுடும்" என்றார் ஆரின்.

"அடைபடட்டும்."

"அவசரத்துக்கு எப்படி வெளிய போவ?"

"நீ உள்ள இருக்கறப்ப நான் வெளிய எதுக்குய்யா போகணும்? யூமாக்காரனுக்கு நாளைக்கே ஃபோன் போட்டு சின்ன வண்டியே வாங்கிக்கறோம்னு சொல்லு. ரெண்டு பேருன்னு சொல்லு. அவன் என்ன பலகைய வெட்டுவானோ, எதை ஒட்டுவானோ, அது அவன் பாடு. கடைசிவரைக்கும் ரெண்டு மெத்தை கெடக்கணும். அப்புறம் ஒண்ணை எடுக்கறதா வேணாமாங்கறதை நான் பாத்துக்கறேன். நீ அளக்காத."

ஆரின் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அளவு டேப்பைப் பெட்டியின் மேல் வைத்தார். கதவு அடைபட்டுக் கிடந்ததால் சுற்றி வந்து, கயிற்றுக்கு மேலே ஒரு காலையும் பிறகு இன்னொரு காலையும் மெதுவாகத் தூக்கிவைத்து, சுவர் வழியாக உள்ளே வந்தார்.

முதுகைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் சாய்ந்தார். ஆறடி மூன்றங்குல மனிதர். பாதம் இரண்டும் பின்பக்கக் கயிற்றைத் தாண்டி வெளியே சரளைக்கல்லில் கிடந்தன.

"பாத்தியா, பத்தலை" என்றார், கண்ணை மூடியபடி.

வெர்லீன் பின்மூலைக் கற்கள் இரண்டையும் காலால் தள்ளினாள். கயிறு போதவில்லை. கதவுப்பக்கத்து முனையை அவிழ்த்து இழுத்து, அவர் பாதத்தைச் சுற்றி வளைத்துப் போட்டாள். அப்புறம் தன் மெத்தையில் வந்து படுத்தாள். அழுகை அப்போதும் வரவில்லை. சற்று நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது. அவள் அதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள்.